பளபளப்பு யாருடையது?

சித்திரைத் திங்களில் வீரபாண்டிக்கு வந்தவர்கள் அந்தக் காட்சியைக் கண்டிருப்பர். முல்லையாற்றங்கரை மக்கள் வெள்ளத்தால் நிறைந்திருக்கும். கௌமாரியம்மன் திருவிழாவில் தீச்சட்டி ஏந்தி வருவோர் ஒருபுறம். ஆயிரங்கண் பானை சுமந்து வருவோர் மறுபுறம். குயவர் வனைந்த மண்சட்டிக்கு அன்று எத்தனை மதிப்பு! ஆனால், அதே மண்ணைக் குழைத்துச் செய்த குழம்புச்சட்டி வீட்டு அடுப்பங்கரையில் கரிபடிந்து கிடக்கிறது. நாள்தோறும் அதைத் துலக்கும் கைகளுக்கு எந்த ஊரிலும் விழா இல்லை.

பாத்திரம் துலக்குவதைப் பற்றியா கட்டுரை என்று நகைக்க வேண்டாம், தோழர்களே! சிறிய செயல்களில்தான் பெரிய அநீதிகள் குடியிருக்கின்றன. ஒரு பொருளை நெடுநாள் உழைக்கும்படி பேணுவது நல்லறம் என்பதில் ஐயமில்லை. சுரங்கத்தில் தோண்டியவன், உலையில் உருக்கியவன், பட்டறையில் தட்டியவன் ஆகியோரின் வியர்வை அதில் உறைந்திருக்கிறது. பொருளைப் பாழாக்குவது அவர்கள் உழைப்பைப் பாழாக்குவது. ஆயினும் கேள்வி ஒன்று எஞ்சுகிறது: பேணுவது அறமானால், அந்த அறத்தை ஆற்ற வேண்டியவர் யார்?

முதலில், அடுக்களையில் இருப்பது அறிவு என்பதை ஒப்புக்கொள்வோம். "பித்தளையில் புளிக்குழம்பு வைக்காதே" என்பார் என் தாய். "ஈயம் பூசிய அண்டாவை வெறுமையாக அடுப்பில் ஏற்றாதே, தோசைக்கல்லில் புளியைக் காட்டாதே" என்பார். இவை கண்மூடிப் பழக்கங்களோ என்று ஒருகாலத்தில் எண்ணினேன். ஏன் என்று கேட்டுப் படித்தபோதுதான் உண்மை விளங்கியது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளிப்பு அதிலுள்ள செம்பைக் கரைத்து உணவில் சேர்க்கும். அதைத் தடுக்கவே உட்புறம் வெள்ளீயம் பூசுகிறார்கள். அந்த வெள்ளீயமோ 232 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும். நீரின்றி அடுப்பேற்றினால் பூச்சு வழிந்துபோகும். இரும்புக் கல்லில் எண்ணெய் சூடேறிச் சூடேறிக் கெட்டியான ஒரு படலமாகப் படிந்து, துருவைத் தடுக்கிறது. புளி அந்தப் படலத்தை அரித்துவிடும். பித்தளைக்கு மெருகு தரும் புளியே இரும்புக்குப் பகையாகிறது!

இன்று வீடெங்கும் எவர்சில்வர். 1913இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி என்பவர் உருவாக்கிய எஃகின் வழிவந்தது அது. அதில் கலந்துள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோலாக நின்று காக்கிறது. உப்புநீரை அதில் நெடுநேரம் தேக்கிவைத்தால் அந்தத் தோல் அறுபட்டுப் புள்ளிப் புள்ளியாகக் குழி விழும். ஆகவே, 'துருவே பிடிக்காது' என்று இறுமாந்திருக்கும் பாத்திரமும் ஒரு கையின் கவனத்தை நம்பியே வாழ்கிறது.

அந்தக் கை யாருடையது? எங்கள் வீட்டுப் பித்தளை அண்டாவின் விளிம்பில் என் பாட்டனார் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. அதைத் துலக்கியவர் பாட்டி. மணமாகி வந்த நாள்முதல் கை ஓயும் நாள்வரை துலக்கினார். அவர் தேய்த்துத் தேய்த்து அந்த எழுத்துகள் மங்கின. ஆனால், அவர் பெயர் அதில் எங்கும் ஏறவில்லை. அண்டா மூன்று தலைமுறை கண்டுவிட்டது. சாம்பலிலும் சவர்க்காரத்திலும் வெடித்த அந்த விரல்களைப் பேண வேண்டுமென்று எவரும் எண்ணியதில்லை. பொருளைக் காத்தோம், காத்தவளைக் காக்க மறந்தோம்!

பிறரைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. பசித்த பிள்ளைக்குச் சோறிட்டுக் கல்வி தரவேண்டும் என்ற எண்ணத்துக்குத் தமிழகத்தில் நீண்ட வரலாறு உண்டு. பிட்டி. தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் அதைத் தொடங்கியது. காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவு மாநிலமெங்கும் பரவத் தொடங்கியது. 1982இல் சத்துணவாக விரிந்தது. 2022இல் காலை உணவும் வந்தது. சாதி பாராமல் ஒரே வரிசையில் அமர்ந்து பிள்ளைகள் உண்பது கண்டு மகிழாத ஆசிரியன் இல்லை. உண்டு முடித்ததும் அந்த வரிசை குழாயடிக்குப் போகும். அங்கேதான் ஒருநாள் கண்டேன். பத்து வயதுச் சிறுவன் தன் எச்சில் தட்டைத் தங்கையிடம் நீட்டினான். எட்டு வயதுச் சிறுமி இரண்டு தட்டுகளையும் கழுவினாள்.

"ஏன் தம்பி, உன் தட்டை நீ கழுவக்கூடாதா?" என்றேன்.

"அது பொம்பளப் புள்ளைக வேலை, சார்" என்றான்.

அவனைத் திருத்த வாய் திறந்தேன், சொல் எழவில்லை. அன்று மாலை என் சோற்று அடுக்கைக் கழுவாமல் வீட்டில் வைத்துவிட்டுப் படிப்பகம் செல்லப்போகிறவன் நான். அங்கே பெண்ணுரிமை குறித்து உரையாற்றிவிட்டு இரவு திரும்புவேன். காலையில் அடுக்கு பளபளவென்று காத்திருக்கும். மணிமேகலையின் அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாது. அதைத் துலக்கவேண்டிய தேவையும் இல்லை. அது காப்பியக் கற்பனை என்று வகுப்பில் விளக்கும் நான், என் வீட்டுப் பாத்திரம் தானே துலங்குவதாக நம்பி வாழ்ந்திருக்கிறேன். இதைவிடப் பெரிய மூடநம்பிக்கை எது?

'ஆண் வெளியே உழைக்கிறான்; பெண் வீட்டில் உழைக்கிறாள்; இது வேலைப் பங்கீடுதானே?' என்பர் சிலர். கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து பாருங்கள். விடியுமுன் ஜீப்பேறி மலை கடந்து ஏலத்தோட்டங்களுக்குப் போவோரில் பெண்கள் எத்தனை பேர்! நெல் வயலிலும் திராட்சைத் தோட்டத்திலும் வளைந்த முதுகு, மாலையில் வீடு திரும்பித் துலக்கும் இடத்தில் மறுபடி வளைகிறது. இருவரும் வெளியே உழைக்க, ஒருவர் மட்டும் வீட்டிலும் உழைப்பது எந்தக் கணக்கில் பங்கீடு ஆகும்?

'கழுவும் தொல்லையே வேண்டாம். காகிதத் தட்டில் உண்டு எறிந்துவிடலாம்' என்பர் வேறு சிலர். பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகளுக்கும் தட்டுகளுக்கும் 2019 சனவரி முதல் நாளிலிருந்து தமிழகத்தில் தடை உண்டு. தடை இல்லாததாகவே இருக்கட்டும். எறிந்தது எங்கே போகிறது? தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளரின் கைக்குப் போகிறது. வீட்டுப் பெண்ணின் கையிலிருந்து இறக்கிய சுமையை, நம்மிலும் எளியவர் தலையில் ஏற்றுவது விடுதலை ஆகாது. என் எச்சிலை யாரோ ஒருவர் சுமக்கத்தான் வேண்டும் என்ற பழைய ஆணவமே அங்கும் ஆள்கிறது.

ஆகவே விடை எளிது, செய்வதுதான் அரிது. உண்டவர் கழுவுக. ஏன் புளி, எங்கே சாம்பல், எதற்கு ஈயம் என்ற அறிவை மகனும் மகளும் ஒருங்கே கற்க. மறுநாள் குழாயடி வரிசையில் என் அடுக்கோடு நானும் நின்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிறுவன் சற்று நேரம் என்னைப் பார்த்தான். பிறகு தங்கை கையிலிருந்த தன் தட்டை வாங்கிக்கொண்டான்.

இளைஞர்களே, மேடையில் நாம் முழங்கும் சமத்துவத்தை உலகம் பிறகு எடை போடட்டும். இன்றிரவு உண்டபின் உங்கள் தட்டு யார் கைக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள்!