முதல் அடி

கெப் வண்டியின் முன் மட்கார்டை இரு கையாலும் அமத்திவிட்டுப் பாருங்கள். ஒருதரம் எழும்பி நின்றால் ஷொக் நல்லது. இரண்டு மூன்று தரம் ஆடி ஆடி அடங்கினால் அதன் காலம் முடிந்துவிட்டது. சொந்த வண்டிக்கு இந்தச் சோதனையைச் செய்பவர்கள் குறைவு. ஷொக் ஒரே நாளில் போவதில்லை. உள்ளேயிருக்கும் எண்ணெய் சீல் வழியே கசியக் கசிய மெல்லத் தளர்கிறது, ஓட்டுகிறவரின் உடம்பும் அதற்கேற்பப் பழகிவிடுகிறது. என்றைக்காவது பக்கத்தில் ஏறும் விருந்தாளிதான் "என்ன காக்கா, தோணி மாதிரி ஆடுது" என்பார். கல்பின் தளர்ச்சியையும் பெரும்பாலும் அடுத்தவர்தான் முதலில் காண்கிறார், சொல்லத்தான் கூச்சப்படுகிறார்.

நெல் மூட்டையோடு சம்மாந்துறை வயல் பாதையில் வரும் வண்டியின் சக்கரம் குழியில் விழும்போது அடியை வாங்குவது ஸ்பிரிங். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதும் அதன் குணம். விட்டால் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதன் நடுவே நிற்கும் ஷொக்கினுள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகள். எண்ணெய் அந்தத் துளைகளால் நெருக்குண்டு போகும்போது ஆட்டம் சூடாக மாறுகிறது. மோசமான பாதையில் ஓடிவந்த வண்டியின் ஷொக்கைத் தொட்டால் கையில் அந்தச் சூடு தெரியும். குழியும் இருந்தது, அடியும் விழுந்தது. ஆட்டம் மட்டும் நீளவில்லை.

புகாரியில் அனஸ் (ரழி) அறிவிக்கும் ஒரு சம்பவம் உண்டு. கப்றடியில் அழுதுகொண்டிருந்த பெண்ணிடம் நபி (ஸல்) அவர்கள் பொறுமையாக இருக்கச் சொன்னார்கள். ஆளை அடையாளம் தெரியாத அவள், என் துன்பம் உமக்கு வரவில்லை, விலகிப் போம் என்றாள். பின்னர் யாரென்று அறிந்து அவர்களின் வீட்டு வாசலுக்கு வந்தாள். அங்கே வாயிற்காவலர் எவருமில்லை. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றவளுக்கு, முதல் அடியில் இருப்பதே பொறுமை என்ற கருத்தில் பதில் கிடைத்தது. அழக்கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. மகன் இப்றாஹீம் மௌத்தானபோது நபியவர்களே கண்ணீர் விட்டார்கள்.

இந்தக் கரைக்கு முதல் அடி 2004 டிசம்பர் 26இல் சுனாமியாக விழுந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்கள். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடலோர வீதிகள் இருந்த இடம் தெரியவில்லை. அந்த நாட்களில் கபன் துணி கிழித்தவர்களும் குழி வெட்டியவர்களும் அகதிகளுக்குச் சோறாக்கியவர்களும் வெளியிலிருந்து மட்டும் வந்தவர்களல்லர், தங்கள் வீட்டிலேயே ஆளை இழந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அழுதுகொண்டேதான் வேலை செய்தார்கள். அந்தக் கைகளின் சூடு எங்கிருந்து வந்ததென்று எனக்கு இப்போது கொஞ்சம் விளங்குகிறது.

சொந்தக் கையால் ஷொக் மாற்ற இறங்கினால் அவசரம் ஆகாது. கடற்காற்றில் துருவேறிய கீழ்ப் போல்ட்டுக்கு முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு வைக்க வேண்டும். ஜெக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலை கொடுக்கக் கூடாது, ஸ்டாண்ட் வைக்க வேண்டும். ஹைலக்ஸ் விகோ போன்ற வண்டிகளில் மேலே மூன்று சிறிய நட்டும் நடுவில் ஒரு பெரிய நட்டும் இருக்கும். "நடு நட்டில மட்டும் கை வெச்சிராதீங்க தம்பி" என்று பக்கத்து வீட்டுக் காக்கா மதிலுக்கு மேலால் சத்தம் போட்டார். அமுங்கிய ஸ்பிரிங்கின் முழு விசையையும் பிடித்து வைத்திருப்பது அந்த நட்டுத்தான். கம்பிரசர் பூட்டி ஸ்பிரிங்கை இறுக்காமல் அதைக் கழற்றினால் முகத்தில் பாயும். பல்லைக் கடித்து ஆண்டுக்கணக்காக அடக்கி வைத்ததையெல்லாம் சபூர் என்று பெருமைப்படுகிறோம். அதில் எத்தனை அமுங்கிய ஸ்பிரிங்கோ! வீட்டிலுள்ளவர்கள்தான் அதன் பாய்ச்சலை வாங்குகிறார்கள்.

ஷொக்கை ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக ஓடினால், பிரேக் பிடிக்கும்போது இரண்டு சக்கரமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. இமாம் கஸ்ஸாலி தன் இஹ்யாவில் சபூரையும் சுக்ரையும் ஒரே பாகத்தில் வைத்து எழுதியது இந்த இடத்தில் நினைவுக்கு வந்தது.

கீழ்ப் போல்ட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அதைக் கடைசி வரை இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால், வண்டி இறங்கியதும் உள்ளிருக்கும் ரப்பர் புஷ் முறுகிக் கிடந்து சீக்கிரம் கிழிந்துபோகும். வண்டியைத் தரையில் இறக்கி, தன் பாரத்தை அது தானே தாங்கி நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. நோன்பு மாதத்து அமைதியில் இறுக்கமாக எடுக்கும் முடிவுகள் ஷவ்வாலில் கடையைத் திறந்ததும் ஏன் கிழிகின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை.

வீல் எலைன்மென்ட் பார்க்க நாளைக்குத்தான் போக வேண்டும். அஸருக்குப் பாங்கு சொல்லியாயிற்று. தோலில் கிரீஸ் படிந்திருந்தால் தண்ணீர் சேராது, வுழு கூடாது. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் போட்டு நகக்கண் வரை தேய்க்க வேண்டியிருக்கிறது.