பெற்ற பிள்ளைக்கு அப்பால்

அன்னையர் தினம் வந்தால் எங்கும் ஒரே பேச்சுதான்: எனக்காகப் பட்டினி கிடந்தாள், எனக்காக நகையை அடகு வைத்தாள். அத்தனையும் உண்மை; அந்த நன்றியில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அது பிள்ளை தன் கடனைத் தீர்ப்பது. ஊர் கூடி ஒரு தாயைப் போற்றுவதென்றால் அளவுகோல் வேறாக இருக்க வேண்டும். தன் வயிற்றில் பிறந்ததைக் காப்பது உயிர்கள் பலவற்றுக்கும் பொது. குட்டி போட்ட தெருநாயும் அதைக் குறைவறச் செய்கிறது: விலா எலும்பு தெரிய, பால்காம்பு தொங்க, டீக்கடை வாசலில் யாராவது போடும் பொறைக்காக நிற்கிறது, விழுங்கியதும் விழுங்காததுமாக, கண் திறக்காத குட்டிகள் கிடக்கும் சாக்கடை ஓரத்துக்கு ஓடுகிறது. மனிதத் தாய் இதற்கும் மேலே போகக்கூடியவள். தான் பெறாத உயிரின் பசியும் தன் பொறுப்பு என்று எவள் நினைக்கிறாளோ, அவளே பொதுவில் போற்றத்தக்கவள் என்பது என் கட்சி.

சென்னையின் உஷா சுந்தரத்தை இதற்குச் சான்றாகச் சொல்வேன். இந்தியாவின் தொடக்ககாலப் பெண் விமானிகளில் ஒருவர். 1951இல் கணவர் கேப்டன் வி. சுந்தரத்துடன் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் விமானம் ஓட்டிவந்தவர். பெருமைக்கு அதுவே போதும். ஆனால் 1959இல் அவரும் கணவரும் குடும்பமாகச் சேர்ந்து தொடங்கிய புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்புதான் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. மகன் சின்னி கிருஷ்ணா அந்த வேலையை மேலே கொண்டுபோனார். 1860 முதல் மதராஸ் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது, நாய்கள் குறையவில்லை. கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி என்று இவர்கள் விடாமல் வாதாடியதை 1996இல் மாநகராட்சியே ஏற்றுக்கொண்டது. ஒரு தாயின் இரக்கம் வீட்டு வாசலோடு நிற்காமல் ஊரின் கொள்கையாக மாறியதைக் காட்ட இதைவிட என்ன வேண்டும்?

இதற்கு வரும் மறுப்பு கடுமையானது, நியாயமானதும்கூட. நாய்க்கடியால் பிள்ளையை இழந்த தாயின் முன்னால் நின்று நாய்க்கு இரக்கம் பேச முடியுமா? உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸால் சாகிறார்கள் என்பது கணக்கு. அவர்களில் பத்துக்கு நான்கு பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அந்தத் தாயின் கண்ணீரைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசும் ஜீவகாருண்யம் எனக்கு வேண்டாம். ஆனால் அவளுடைய நியாயம் கேட்பது நாயின் உயிரை அல்ல, ரேபிஸின் ஒழிவை. ஓர் இடத்திலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துபோகிறது. ஊசி போட்ட நாயைக் கொன்றாலோ விரட்டினாலோ, அந்தத் தெருவுக்கு ஊசி போடாத வேறொரு நாய் வந்து சேரும். 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களை மொத்தமாகக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றமே, சில நாட்களில் அதைத் திருத்தி, ரேபிஸ் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றை ஊசியும் கருத்தடையும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. கண்ட இடத்தில் சோறு போடக் கூடாது, அதற்கென இடம் ஒதுக்க வேண்டும் என்றும் அந்த உத்தரவு சொல்கிறது. அதுவும் சரியே. பள்ளி வாசலில் சோற்றைக் கொட்டிவிட்டுப் போவது பிள்ளைகளை நினைத்துப் பார்க்காதவர் செய்யும் காரியம்.

தாய்மையைப் போற்றிவிட்டு ஒரு தாயின் கருப்பையை அறுக்கச் சொல்வதா என்று கேட்பவரும் உண்டு. மேற்கு வங்கத்தில் தெருநாய்களின் 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஏழு மாதம் வரை பிழைத்தவை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. செத்தவற்றில் பாதிக்கும் மேல் ஏதோ ஒரு வகையில் மனிதரால் செத்தவை. இரண்டு மாதம் சுமந்து, பால் கொடுத்து, வண்டிச் சக்கரத்தில் ஒவ்வொன்றாகக் கொடுத்து, மறுபடி சினையாகும் வாழ்க்கையைத் தாய்மையின் பேரால் நீட்டிப்பது இரக்கமாகாது. குட்டியோடு இருக்கும் பெட்டை நாய்தான் பக்கத்தில் போகிறவரைப் பாய்ந்து கடிக்கவும் செய்கிறது. ஆகவே பால்குடி மறக்கும்வரை அதன் பக்கம் குழந்தைகள் போகாமல் பார்த்துக்கொண்டு, தண்ணீரும் சோறும் வைத்து, பிறகு கருத்தடைக்கும் ஊசிக்கும் மாநகராட்சியிடம் சொல்லி அனுப்ப வேண்டும். அறுவை முடிந்து காது நுனியில் வெட்டு அடையாளத்தோடு அதே தெருவுக்கு அது திரும்புகிறதா என்று விசாரிப்பதும் அந்தப் பொறுப்பில் சேர்ந்தது. தெருத்தெருவாக இதைச் செய்துவரும் பெண்களை அக்கம்பக்கத்தார் நாய்க்காரி என்று ஏசுகிறார்கள். அன்னையர் தினத்தில் மேடை ஏற்ற வேண்டியது இவர்களைத்தான்.