முதிதை



மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என உயர்ந்த மனநிலைகள் நான்கினைப் பகவன் அருளினார். இவற்றுள் பிறர் உயர்வு கண்டு உவக்கும் முதிதையே அரிது. பக்கத்துத் தறிக்காரனுக்குக் கூலி உயர்ந்த நாளில் எத்தனை முகம் மலரும்? ஆலையில் நூல் பிடித்த நாம் கண்டிருக்கிறோம்.

2024 ஜூலை 26 இரவு பாரிஸ் மாநகரில் ஒலிம்பிக் தொடக்க விழா. அரங்கிலன்று, சேன் நதியில் ஆறு கிலோமீட்டர் தூரம் வீரரும் வீராங்கனையரும் படகுகளில் வந்தனர். அங்கும் மழை, இங்கோ முந்தின நாள்தான் புனே நகரை வெள்ளம் சூழ்ந்திருந்தது. கட்கியில் தொலைக்காட்சியின்முன் நம்மோடு ஒரு நேபாளக் குடும்பத்தாரும், கல்லூரியில் பயிலும் சூடான் நாட்டு இளைஞர் இருவரும் அமர்ந்திருந்தனர்.

கிரேக்கப் படகினை அடுத்து அகதிகள் அணியின் 37 பேருக்குரிய படகு வந்தது. நம்மவர் "ஐயோ, பாவம்!" என்றனர். 2023 ஏப்ரல் முதல் தாய்நாடு போரில் எரியக் கண்ட அவ்விளைஞர்களோ எழுந்துநின்று கைதட்டினர். வேறுபாட்டை நோக்குங்கள். பரிதாபம் மேலிருந்து பார்ப்பது. அவர்கள் நின்றதோ சமமாய். அவ்வணியின் சிண்டி எங்காம்பா பின்னர்க் குத்துச்சண்டையில் வெண்கலம் வென்றார். அகதிகள் அணிக்கு அதுவே முதற் பதக்கம்.

கைதட்டுதல் மட்டும் போதுமோ? போதாது. 1911இல் இங்கிலாந்து சென்று நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்திய பல்வங்கர் பாலு, அதற்குமுன் இதே புனேயில் ஆடியவர். அவர் வீசிய பந்தைத் தொட்ட அணித்தோழர்கள், இடைவேளையில் அவரை வெளியே நிறுத்தி மண்குவளையில் தேநீர் தந்தனர். அந்தக் குவளையை நாம் அறிவோம். ஆதலின் அன்றிரவு எல்லோர்க்கும் ஒரே தட்டிலிருந்து ஒரே வகைக் கோப்பையிலே தேநீர் சென்றது.

முதிதையைப் பயில ஆசாரியர் புத்தகோசர் விசுத்தி மார்க்கத்தில் வரிசை கூறுகிறார்: முதலில் அன்புத் தோழன், பின்பு உறவும் பகையும் இல்லாதவன், அதன்பின் பகைவன். சிந்துவும் சரத் கமலும் நம் கொடியேந்தி வந்தபோது மகிழ்ந்தோமே, அது முதற்படி. லும்பினியைத் தன்னகத்தே கொண்ட நேபாளம் ஒலிம்பிக் பதக்கம் காணாத நாடு. அதன் கொடிக்கு நம் பிள்ளைகள் ஆரவாரித்தது இரண்டாம் படி.

மூன்றாம் படி ஆகஸ்ட் 8 அன்று வந்தது. ஈட்டி எறிதலில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்து பொன் வென்றார். நம் நீரஜ் சோப்ராவுக்கு 89.45 மீட்டர், வெள்ளி. கூடத்தில் சிலர் முகங்கறுத்து எழுந்து போயினர். அரியானாவில் நீரஜின் அன்னை சரோஜ் தேவியாரோ, பொன் வென்றவனும் தம் பிள்ளையே என்றார். அவர் விசுத்தி மார்க்கம் ஓதியவரல்லர்.

அன்று எழுந்து போனவர்களும் வரும் பௌர்ணமிக் கூட்டத்திற்கு வருக. மூன்றாம் படியை அங்கே ஒன்றாய்ப் பயில்வோம்.