கிலோ கணக்கும் வினைக் கணக்கும்

கொங்குப் பக்கத்துச் சைவக் குடும்பங்களில் காய்ச்சல் கண்டால் திருநீலகண்டப் பதிகம் பாடும் வழக்கம் இன்றும் உண்டு. திருச்செங்கோட்டுக்கு வந்திருந்தபோது தம் அடியார்களைக் குளிர்சுரம் வாட்ட, ஞானசம்பந்தர் பாடிய பதிகம் அது. எங்கள் ஆத்தா எனக்கும் தம்பிக்கும் நெற்றியில் திருநீறு பூசியபடி பாடுவார். நான் மயக்கவியல் மருத்துவராகி, கழுத்தில் சீழ் வைத்த குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் அதன் முதல் பாட்டின் பொருள் எனக்கு உறைத்தது. அந்த வினைக்கு இந்தப் பலன் என்று பேசத் தெரிந்தவர்களே, பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையில்லையா என்று கேட்கிறார் சம்பந்தர். வினை இல்லை என்று அவர் சொல்லவில்லை. வினையைப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத்தான் கண்டிக்கிறார்.

எங்கள் வார்டு வராந்தாவில் அந்தப் பேச்சுதான் ஓயாமல் நடக்கிறது.

நோயை முதலில் சொல்லிவிடுகிறேன். தொண்டையின் பின்சுவருக்கும் கழுத்தெலும்புக்கும் நடுவில் ஓர் இடுக்கு இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு அதில் நிணநீர் முடிச்சுகள் உண்டு. மூக்கு, தொண்டை வழியாக வரும் கிருமிகளைப் பிடித்து நிறுத்துவது அவற்றின் வேலை. ஐந்து வயது வாக்கில் அவை பெரும்பாலும் சுருங்கிவிடும். அதற்குள் ஒரு சளிக்காய்ச்சலில் ஏதாவது ஒன்று பழுத்துச் சீழ் கட்டினால் வெளியே ஒன்றும் தெரியாது. சீழ் தொண்டையை முன்னால் தள்ளி மூச்சுக்குழலை நெருக்கும். கீழே நெஞ்சுக்கூடு வரை இறங்கவும் வழியிருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்கு டான்சில் ஓரத்திலும், சொத்தைப் பல்லிலிருந்து தாடைக்கு அடியிலும் சீழ் வைக்கும்.

ஒரு பையன் வந்தான். வயது நாலு, எடை 27 கிலோ. அந்த வயதில் 16 கிலோ அளவில் இருப்பதே வழக்கம். கட்டிலில் படுக்க மறுத்து அம்மாவின் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பக்கவாட்டில் பொம்மையைக் காட்டினால் கண் மட்டும் போனது, கழுத்து திரும்பவில்லை. எச்சிலை விழுங்காமல் வடியவிட்டதில் சட்டை நெஞ்சுவரை நனைந்திருந்தது. வாய்க்குள் சூடான கவளத்தை வைத்துக்கொண்டு பேசுவது போன்ற குரல். சுளுக்கு என்று நினைத்து வீட்டில் எண்ணெய் தேய்த்து உருவியிருந்தார்கள். சதை போட்ட கழுத்து என்பதால் வீக்கம் கண்ணுக்கும் தெரியவில்லை, கைக்கும் தட்டுப்படவில்லை. ஸ்கேனில்தான் தெரிந்தது.

வராந்தாவில் பாட்டி மருமகளைப் பார்த்துச் சொன்னார்: "வாய் கேட்டதையெல்லாம் வாங்கிக் குடுத்தா இப்படித்தானுங்க ஆவும்." கூட வந்த பெரியவர் இன்னும் ஆழமாகப் போனார்: "எந்தச் சென்மத்துப் பாவமோ, புள்ள தலைல விடிஞ்சிருக்குது." அடுத்த கட்டிலில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, எட்டு கிலோ, அதற்கும் கழுத்தில் சீழ்தான். அந்தத் தாயிடம் கேட்டது வேறு கேள்வி: "புள்ளைக்குச் சோறு போட்டியா, இல்லியா?" பிள்ளை பருத்தாலும் குற்றம், மெலிந்தாலும் குற்றம். இரண்டும் தாயின் தலையில்தான் வந்து விழுகிறது. சுமாரான எடையுள்ள குழந்தைகளுக்கும் இதே நோய் வருகிறது. அப்போது பேச எடை கிடைக்காததால் நேரே முன்சென்மத்துக்குப் போய்விடுகிறார்கள்.

எடை முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. என் தொழிலே கிலோ கணக்கில்தான் நடக்கிறது. குழந்தையைத் தியேட்டருக்குள் கொண்டுவருவதற்கு முன்பே எல்லா மருந்தின் அளவையும் கணக்குப் போட்டு எழுதி ஒட்டிவிடுவோம். நெஞ்சு நின்றுபோனால் கொடுக்க அட்ரினலின், கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். பருத்த குழந்தையிடம் இந்தக் கணக்கு சிக்கலாகிறது. சில மருந்துகளுக்குத் தராசு காட்டும் எடையை எடுக்க வேண்டும், சிலவற்றுக்கு அந்த உயரத்துக்கு இருக்க வேண்டிய எடையை. எல்லாவற்றையும் தராசுப்படி கொடுத்தால் கூடிப்போகும். நரம்பு எளிதில் கிடைக்காது. மல்லாந்து படுத்ததும் வயிறு மேலேறி நுரையீரலை அமுக்குவதால், மூச்சு தடைப்பட்டால் ஆக்சிஜன் சட்டென்று இறங்கும். முகத்தில் மாஸ்க் வைத்துக் காற்றைத் தள்ளுவதே பாடு. மெலிந்த குழந்தைக்கோ கிருமியை எதிர்க்கும் தெம்பு குறைவு, உடம்புச் சூடு தங்காது, சர்க்கரை இறங்கிவிடும். மெலிந்த குழந்தையின் சீழுக்குக் காசநோயும் காரணமாயிருக்கலாம் என்று பார்த்தாக வேண்டும்.

அந்தப் பையனுக்குத் தானாக விடும் மூச்சு நிற்காதபடி ஆவி மருந்தால் மெல்ல மயக்கம் கொடுத்தோம். மூச்சுக்காகத் தொண்டைக்குள் இறக்கும் குழல் பட்டுச் சீழ்க்கட்டி உடைந்தால், சீழ் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால் தலையைத் தாழ்த்தி வைத்திருந்தோம். உறிஞ்சும் குழாய் வாயருகே, கழுத்தில் துளையிட வேண்டிவந்தால் அதற்கான கருவிகள் காது மூக்கு தொண்டை மருத்துவரின் கைக்கு எட்டும் தூரத்தில். குழல் நல்லபடியாக இறங்கியது. வாய் வழியாகவே கீறிச் சீழை எடுத்தார்கள். எல்லாருக்கும் இது தேவைப்படாது. சின்னக் கட்டி, மூச்சுக்கு நெருக்கடி இல்லை என்றால் நரம்பு வழி ஆன்டிபயாடிக்கிலேயே ஓரிரு நாளில் தணிகிற குழந்தைகள் பலர்.

இவ்வளவு வேலையிலும் எடை எங்களுக்கு ஒரு தகவல். வராந்தாவில் அதுவே தீர்ப்பு. காரணத்தைத் தேடுவது ஒரு வேலை, குற்றவாளியைத் தேடுவது வேறு வேலை. காரணத்தைத் தேடினால் தாயோடு தேடலை நிறுத்திவிட முடியாது. அந்தப் பையனின் அப்பா ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் போனால் மாதக்கணக்கில் வெளியூர். அம்மா விசைத்தறியில் ஷிப்டு. பிள்ளை அழாமல் இருக்க ஐந்து ரூபாய்ப் பொட்டலங்கள். வாசலில் இறங்கினால் லாரி ஓடும் சாலை, விளையாட இடமில்லை. இவை எல்லாம் சேர்ந்துதான் 27 கிலோ. வீட்டுக்கு அனுப்பும்போது சாப்பாட்டைப் பற்றி அந்த அம்மாவிடம் பொறுமையாகப் பேசினேன். பேச வேண்டிய நேரம் அதுதான், பிள்ளை மூச்சுக்குத் திணறும் நேரமில்லை.

வினைக் கொள்கையை நான் நம்புகிறேன். நம்புவதால்தான் இதை எழுதுகிறேன். சைவ சித்தாந்தம் உடம்பைத் தண்டனையாகச் சொல்லவில்லை. ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு உதவியாக இறைவன் மாயையிலிருந்து தந்தது இந்த உடம்பு என்கிறது. அப்படியிருக்க, நாலு வயது உடம்பை ஒரு குற்றப்பத்திரிகையாக வாசிக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது? பிற சமயங்களிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. படும் துன்பமெல்லாம் பழைய வினையா என்று சீவகன் என்ற துறவி கேட்டபோது புத்தர் மறுத்தார். பித்தம், சளி, வாயு, பருவ மாற்றம் என்று வேறு காரணங்களை எண்ணிச் சொல்லி, வினையை அந்த வரிசையில் ஒன்றாகவே வைத்தார். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டபோது, இருவருமில்லை என்றார் இயேசு.

எனக்கு இதில் வழிகாட்டுவது திலகவதியார். சூலை நோயில் துடித்துக்கொண்டு தம்பி அப்பர் வருகிறார். குலச் சமயத்தை விட்டுச் சமணத்துக்குப் போனவர். சொல்லிக்காட்ட அக்காவுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவரோ தம்பியை எழுப்பி, திருநீறு கொடுத்து, விடியுமுன் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். கொடுமை செய்தேனோ என்ற பேச்சு அப்பரின் வாயிலிருந்தே வருகிறது. அவருக்கும் தான் செய்தது எது என்று தெரியவில்லை. வினையைப் பற்றிய பேச்சுக்கு உரிய இடம் அதுதான். நோயாளி தன்னைப் பற்றி, தன் இறைவனிடம் பேசுவது. அதையே பக்கத்தில் நிற்பவர் எடுத்துச் சொன்னால் கொடுமை. பேசத் தெரியாத குழந்தையைப் பற்றிச் சொன்னால் அதைவிடக் கொடுமை.

இதில் உயிர்ச்சேதமும் இருக்கிறது. ஏச்சுக்குப் பயந்த தாய் காய்ச்சலை மறைக்கிறாள். கண்ணுபட்டது என்று மந்திரிக்க ஒரு நாள், எண்ணெய் உருவ ஒரு நாள் போய்விடுகிறது. ஆத்தாக்கள் பதிகம் பாடட்டும், வண்டியில் வரும்போதே பாடட்டும். காய்ச்சலோடு கழுத்தைத் திருப்ப மறுத்தால், விழுங்க முடியாமல் எச்சில் வடிந்தால், குரல் அடைத்தால், மூச்சில் சத்தம் கேட்டால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். கழுத்தை உருவ வேண்டாம். வாயில் கரண்டி விட்டுப் பார்க்க வேண்டாம். கஞ்சி, பால் எதையும் வற்புறுத்திப் புகட்ட வேண்டாம். உட்கார்ந்தே இருக்கிறேன் என்று அடம்பிடிக்கும் குழந்தையைப் படுக்க வைக்காமல், மடியில் உட்காரவைத்தே கொண்டுவாருங்கள்.