மைதானத்தை ஆக்கியவர் யார்?

ஒரு கோல்ஃப் மைதானம் யாருடைய படைப்பு என்ற வழக்கு, ஆக்கம் என்பது எந்தச் செயலில் அடங்கியிருக்கிறது என்ற தத்துவக் கேள்வியில் போய் முடிகிறது. சைவ சித்தாந்தம் குடத்தைக் காட்டிக் காரணங்களைப் பிரிக்கும்: மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். மைதானத்திலோ நிமித்த காரணம் ஒருவரில் நிற்பதில்லை. நிலத்தைத் தேர்ந்தவர், குழிகளின் வரிசையை வகுத்தவர், கட்டி முடித்தவர், பின்னாளில் மாற்றியவர் எனப் பலரிடம் அது பிரிந்து கிடக்கிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1912இல் திறக்கப்பட்ட மெரியன் கிழக்கு மைதானம், சங்க உறுப்பினர் ஹியூ வில்சனின் படைப்பாகவே அறியப்பட்டது. 1939இல் மைதான வடிவமைப்பாளர் சார்லஸ் பிளேர் மெக்டொனால்ட் இறந்தபோது, அவருடைய மருமகன் விகாம் அதை மெக்டொனால்டின் மைதானம் என்று எழுதினார். மெக்டொனால்ட் நிலத்தைப் பார்வையிட்டதும், 1911இல் வில்சனின் குழு அவரிடம் ஆலோசனை கேட்டதும் உண்மை. பிரிட்டிஷ் மைதானங்களைப் பார்த்துவந்த பிறகே வில்சன் திட்டம் வகுத்தார் என்ற நெடுநாள் நம்பிக்கையும் தவறானது. அந்தப் பயணம் 1912இல்தான் நடந்தது. ஆயினும் ஆலோசனை ஆக்கமாகிவிடாது. அதை ஏற்கவும் தள்ளவும் உரிமை பெற்று, விளைவுக்குப் பொறுப்பேற்றவரே ஆக்கியவர். ஆலோசகருக்கு உரியது, அக்கருத்துக்கான பெருமை.

நியூஜெர்சியின் பைன் வேலியில் சிக்கல் வேறு. நிலத்தைத் தேடிப் பிடித்து, தன் பொருளையும் இறுதி ஆண்டுகளையும் அதற்கே கொடுத்தவர் ஜார்ஜ் கிரம்ப். 1913இல் அங்கே வந்து திட்டம் வரைந்தவர் இங்கிலாந்தின் ஹாரி கோல்ட். 1918இல் கிரம்ப் இறந்தபோது நான்கு குழிகள் முடிந்திருக்கவில்லை. மெரியனின் ஹியூ வில்சனும் அவருடைய சகோதரரும் அவற்றை நிறைவேற்றினர். திட்டமும் உழைப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்ய முடியாதவை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் வரலாறு பொய்யாகிறது.

காலமும் உரிமையைக் கலைக்கிறது. அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானத்தை ஆட்டக்காரர் பாபி ஜோன்சுடன் சேர்ந்து வடிவமைத்த அலிஸ்டர் மெக்கன்சி, 1934இல் அங்கே முதல் போட்டி நடக்குமுன்பே இறந்தார். இன்றைய 16ஆம் குழி, 1947இல் ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் மாற்றியமைத்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்துக்கோ தொடக்க வடிவமைப்பாளரே இல்லை. கடலோர மணல்மேடும் காற்றும் தலைமுறை தலைமுறையான ஆட்டமும் அதை உருவாக்கின. 22 குழிகள் 18 ஆனது 1764இல். அங்கே முதற்காரணமான நிலமே நிமித்த காரணத்திலும் பங்கு கொள்கிறது.

ஆகவே ஒற்றைப் பெயரைத் தேடுவதே பிழையான தொடக்கம். எந்தச் செயலை யார், எப்போது செய்தார் என்று பிரித்துச் சொல்வதே நியாயம். அவரவர்க்கு உரியதை அவரவர்க்குத் தருவது அறம். இறந்தவர்கள் தமக்காக வாதாட முடியாததால், அந்தக் கடமை இருப்பவர்களுக்கு இன்னும் கூடுகிறது.