பிள்ளைகளின் இகழுரையும் பெரியோர் கடனும்

பதினொன்று முதல் பதினான்கு ஆண்டு வரையுள்ள இளையர், தம்மோடு ஒருங்கிருந்து பயிலும் ஒருவனை அவன் தோலின் நிறம் பற்றியோ, பிறந்த குலம் பற்றியோ, ஆணிடத்தே அன்பு கொள்ளும் ஆண் என்னும் ஐயம் பற்றியோ இகழ்ந்து துன்புறுத்துகின்றனர். அக்குற்றம் யாருடையது? இகழ்ந்த இளையருடையதா, அவரைப் பெற்றாருடையதா, கண்டும் வாளாவிருந்த ஆசிரியருடையதா? ‘பிள்ளை விளையாட்டு’ என்று தள்ளுவாரும், ‘காலத்தின் கேடு’ என்று பெருமூச்செறிவாரும் உளர். இருவர் கூற்றும் ஆராய்ச்சியாகாமையின், இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண், இகழ்ச்சி உயிர்க்கு இயற்கையோ செயற்கையோ எனின், ஒருவாற்றான் இயற்கை, மற்றொருவாற்றான் செயற்கை என்க. அஃதென்னை? ஆணவம் உயிரோடு உடனாயதாகலின், ‘யான் இவனின் மிக்கேன்’ என்னும் செருக்கின் வித்து எல்லார்க்கும் பொது. ஆயின், ‘இன்னாரை இகழ்க’ என்னும் வரையறை அவ்வித்தின்கண் இல்லை. அது சார்பால் வருவது. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறு போல, உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது நம்மனோர் நன்கறிந்த கொள்கை. இளம்பருவத்து அவ்வியல்பு மிகுதியும் விளங்கும்.

இதற்கு அமெரிக்க நாட்டு நிகழ்ச்சியொன்று சான்றாகும். ஆண்டுக் கறுப்பினத்தார்க்கு உரிமை வேண்டி உழைத்த மார்ட்டின் லூதர் கிங் என்பார் 1968 ஏப்ரல் 4-ஆம் நாள் கொலையுண்டார். மறுநாள், ஐயோவா மாநிலத்து ரைஸ்வில் என்னுஞ் சிற்றூரில் ஜேன் எலியட் என்னும் ஆசிரியை, தம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை விழிநிறம் பற்றி இருகூறாக்கினார். அப்பிள்ளைகள் அனைவரும் வெள்ளையரே. ஒரு நிறத்து விழியுடையார் உயர்ந்தோர், மற்றையோர் தாழ்ந்தோர் என்று அவர் கூறிய அளவானே, உயர்ந்தோரெனப்பட்டார் செருக்குற்றனர்; தாழ்ந்தோரெனப்பட்டார் கூசிக் குன்றிப் பாடத்திலும் பின்னடைந்தனர். பின்னர் நிலையை மாற்றிக் கூறவே, செருக்கும் குன்றலும் இடம் மாறின. விழியின் நிறத்தை அதற்குமுன் எவரும் இழிவென்று எண்ணியதில்லை. வித்து உள்ளே கிடந்தது; நிலங் காட்டியது ஆசிரியை சொல். அவர் அறிவுறுத்தற் பொருட்டுச் செய்ததனை, நாம் அறியாமல் நாடோறும் வீட்டிலும் தெருவிலும் செய்கின்றோம்.

அற்றேல், பிள்ளைகள் சொல்லளவில் இகழ்வதனால் வருங் கேடு என்னை? வடு சின்னாளில் மாறாதோ எனின், மாறாது. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் உளநூற் புலவராகிய கணவன் மனைவியர், 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில், 3 முதல் 7 வரை அகவையுள்ள கறுப்பினக் குழந்தைகள்முன், நிறமொன்றானே வேறுபட்ட பாவைகளை வைத்து, ‘இவற்றுள் நல்லது யாது?’ என வினவினர். பெரும்பாலார் வெண்பாவையையே காட்டினர். ‘நின்னைப் போல்வது யாது?’ என்றபொழுது மனங் கலங்கினாரும் உளர். வேற்றினத்தார் இகழ்ச்சி குழந்தையின் உள்ளே குடிபுகுந்து, தன்னைத் தானே இகழும்படி செய்துவிட்டது. பள்ளிகளில் நிறவேற்றுமை கூடாதென அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1954-இல் அளித்த தீர்ப்பில் இவர் ஆராய்ச்சியும் எடுத்துக் காட்டப்பெற்றது.

இனி, வாளாவிருப்பாரது குற்றத்தைப் பார்ப்போம். அந்நாட்டு விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்லண்டு நகரில் ஜேமி நபோஸ்னி என்னும் சிறுவன், ஆணிடத்தே அன்புடையன் என்பதனால், 1988 முதல், ஏழாம் வகுப்புத் தொடங்கி, உடன் பயில்வாரால் வைதும் அடித்தும் இழிவுசெய்தும் துன்புறுத்தப்பட்டான். ஒருகால் வயிற்றில் உதையுண்டு அறுவை மருத்துவஞ் செய்யவேண்டியதாயிற்று. உயிர்விடவும் முயன்றான். அவனும் பெற்றோரும் பன்முறை முறையிட்டும், தலைமையாசிரியர் முதலாயினார் தடுத்திலர். இத்தகையான் இதனை எதிர்பார்த்தே ஆகவேண்டும் என்பதே விடையாயிற்று. அவன் தொடுத்த வழக்கில், ஏனை மாணவர்க்கு அளிக்கும் காவலை இவனுக்கு மறுத்தது சமவுரிமைக்கு மாறென 1996-இல் மேன்முறையீட்டு மன்றம் துணிந்தது. நிருவாகிகள் பொறுப்புடையர் எனச் சான்றாளர் குழு கண்டபின், 9 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகை ஈடாகக் கொடுக்கப்பட்டது. அடித்தவர் இளையர், விடைகூற நேர்ந்தவர் முதியர் என்பது நோக்கத்தக்கது.

ஈண்டு ஒருசாரார், ‘அத்தகைய அன்பு முறையென்று யாம் ஒப்பேம், அவனைக் காத்தல் அதனை ஒப்புதலாகாதோ?’ எனத் தடை நிகழ்த்துவர். அவ்வியல்பு நோயன்றென உலக நலவாழ்வு நிறுவனம் 1990-இல் தெளிந்தது. மனமொத்த அகவை முதிர்ந்தார்க்கு அது குற்றமன்றென நம் நாட்டு உச்சநீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. அவற்றை ஒப்பாதார் உளராயினும், பன்னிரண்டாண்டுச் சிறுவன் ஒருவனை அழச்செய்தற்கு எக்கொள்கையினின்றும் இசைவு பெறலாகாது. கொல்லாமையையும் அன்பையும் தலையாய அறமெனக் கொண்டார்க்கு இது விரித்தல் வேண்டா.

இவையெல்லாம் வேற்று நாட்டுச் செய்திகள். நமக்கென்னை எனின், அவர்க்கு நிறம் எவ்வாறோ நமக்குச் சாதி அவ்வாறு. 2023 ஆகஸ்டுத் திங்களில் திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட குலத்து மாணவன் ஒருவனை உடன் பயின்ற மாணவரே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுத்த தங்கையும் வெட்டுண்டாள். அதுபற்றி அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதி காட்டும் வண்ணக் கயிறு முதலியவற்றைப் பள்ளியில் விலக்குக என 2024-இல் பரிந்துரைத்தது. கயிற்றை அறுத்தல் எளிது. அதனைக் கட்டிவிட்ட கை யாருடையது என்று நாம் வினவிக்கொள்ளுதலே அரிது. மாணவன் கையிற் கயிறு காணப்படுமுன்னரே, அவன் இல்லத்தில் முதியோர் வாயில் அது முடியப்பட்டது.

முதியோரும் கற்கலாம் என்பதற்கும் சான்றுண்டு. ஒருபாற் காதலர் இருவர் காவல் வேண்டி வந்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தம் அறிவு குறைவென வெளிப்படக் கூறி, உளநூல் வல்லார் ஒருவர்பால் அமர்ந்து கேட்டறிந்து, 2021-இல் ஆணை பிறப்பித்தார். பள்ளி ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் இது குறித்து அறிவுறுத்தல் வேண்டுமென்பதும் அதன்கண் உண்டு. இருக்கையின் உயர்வு கேட்டறிதற்குத் தடையாயிற்றிலது.

ஆகலின், வித்து உயிரினது. விளைநிலம் காட்டினார் பெரியோர். விளைவைக் கண்டு வாளாவிருந்தார் ஆசிரியர் என்பது பெறப்படும். இளையர்க்குக் குற்றமில்லையென்பது கருத்தன்று. அடித்த கை தன் செயலை உணர்ந்து நாணுதல் வேண்டும். ஆயின் அவரை இகழ்ந்து திருத்தலாகாது. இகழ்ச்சியால் இகழ்ச்சி ஒழியாது. வகுப்பில் இழிசொல் ஒன்று பிறந்த பொழுதே ஆசிரியர் பாடத்தை நிறுத்துக. நகைத்தாரோடு தாமும் நகையாதொழிக. இகழப்பட்ட பிள்ளையை எல்லார் முன்னும் மதிப்போடு விளித்துப் பேசுக. தந்தையரும் தாயரும் உண்ணும் இடத்துப் பிறர் குலமும் நிறமும் நடையும் எடுத்து எள்ளுதலை விடுக. மூலமலத்தை வேரறுத்தல் திருவருட்கே உரியது; அதற்கு நாமே எருவிட்டு நீர்வாராமை நம் கடன்.