லைன் எங்கேஜ்டு

இரவு பதினொன்றரை மணிக்கு என் மோடம் ஒரு பெரியவரின் குரலில் பேசியது.

"ஹலோ… யாரு? ஹலோ?"

2000-ஆம் வருடம், நங்கநல்லூரில் எங்கள் வாடகை வீடு. இணைய இணைப்புக்கான எண்ணை அமைக்கும்போது ஓர் இலக்கம் மாறிப்போயிருக்கிறது. மோடத்துக்குள் இருந்த சின்ன ஸ்பீக்கர் வழியாக, தூக்கத்திலிருந்து எழுந்து வந்த யாரோ ஒருவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சொல்வது எனக்குக் கேட்டது. நான் சொல்வது அவருக்குக் கேட்க வழியில்லை. "ராத்திரில என்னய்யா விளையாட்டு?" என்றார். பிறகு "முருகா" என்று ஒரு பெருமூச்சு. வைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்கக்கூட முடியாமல் அந்தப் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஸ்பீக்கரை வைத்ததே இதற்காகத்தான் என்பது பிறகு தெரிந்தது. மறுமுனை எங்கேஜ்டா, எண் தவறா, மனிதர் யாராவது எடுத்துவிட்டாரா என்று ஆள் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இணைப்பு கிடைத்ததும் அது தானாக வாயை மூடிக்கொள்ளும். மோடத்தைப் பொறுத்தவரை சத்தம் என்பது முயற்சி, மௌனம்தான் வெற்றி. சாமியறையைத் தவிர இப்படி ஒரு விதி வேறெங்கும் எனக்குத் தெரிந்து இல்லை.

அமெரிக்காவில் ஏஓஎல் நிறுவனம் 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு டயல்-அப் சேவையை நிறுத்திக்கொண்டது. செய்தி வந்த நாளில் என் வயதுக்காரர்கள் எல்லாரும் அந்தக் கீச்சுச் சத்தத்தின் பதிவை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். எனக்கும் நாலு பேர் அனுப்பினார்கள். நாலையும் கேட்டேன். பழைய பாட்டைக் கேட்டதுபோல் முதுகுத்தண்டில் ஏதோ ஓடியது உண்மை.

தெரியாதவர்களுக்கு அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன். முதலில் டயல் டோன். அடுத்து எண்கள் படபடவென்று விழும். மணி அடிக்கும். மறுமுனையில் இருக்கும் மோடம் எடுத்ததும் ஒரு நீளமான 'கீ…'. வினாடிக்கு 2100 அதிர்வு கொண்ட அந்த விசில், அரை நொடிக்கு ஒருமுறை லேசாக இடறி இடறி வரும். அது நமக்கானதும் இல்லை, நம் மோடத்துக்கு மட்டுமானதும் இல்லை. தொலைபேசிப் பாதையில் எதிரொலியை அடக்கும் கருவிகள் உண்டு. 'இது மனிதப் பேச்சு இல்லை, நீங்கள் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்' என்று அவற்றுக்குச் சொல்வதும் அந்த விசில்தான். அதன் பிறகு இரண்டு மோடமும் மாறி மாறிச் சில சுருதிகளைப் போட்டுப் பார்க்கும். இந்தக் கம்பியில் எது போகிறது, எது தேய்கிறது, இரைச்சல் எவ்வளவு, எந்த வேகம் தாங்கும். கடைசியில் மணலை முறத்தில் போட்டுப் புடைப்பதுபோல் ஒரு 'ஷ்ஷ்ஷ்'. அப்புறம் அமைதி.

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போட்டது. ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் அதில் போகும். சங்கீதத்துக்கே போதாத அந்தச் சந்துக்குள் கணினியின் பூஜ்யத்தையும் ஒன்றையும் குரலாக்கி அனுப்பி, மறுமுனையில் மறுபடி பிரித்தெடுக்க வேண்டும். அதனால்தான் மோடம் கத்தியது.

என் அம்மாவுக்கு இந்த விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. முதல் நாளே பெயர் வைத்துவிட்டாள். "என்னடா, உன் பெட்டி சாமியாட ஆரம்பிச்சிடுச்சா?" யோசித்தால் அதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியாது. முதலில் உடுக்கை, பிறகு கூச்சல், உடம்பெல்லாம் உதறல், அடங்கியதும் குறி சொல்லத் தொடங்கும். குறி பலிக்குமா என்பது வேறு.

எங்கள் மோடத்தின் அட்டைப் பெட்டியில் 56கே என்று போட்டிருந்தது. எங்கள் லைனில் ஒருநாளும் அந்த வேகம் வந்ததில்லை. திரையின் வலது கீழ் மூலையில் இரண்டு குட்டிக் கணினிகள் மினுங்கும்; அவற்றின் மேல் அம்புக்குறியை வைத்தால் வேகம் தெரியும். 28,800 வந்தால் அன்று நல்ல நாள். மழை பெய்தால் கம்பியில் கரகரப்பு, வேகம் பாதி. இடி இடித்தால் முதல் வேலை மோடத்திலிருந்து தொலைபேசி வயரைப் பிடுங்குவது. அதை மறந்ததால் ஓர் ஐப்பசி மாலையில் என் முதல் மோடம் செத்தது. மின்னல் கம்பி வழியாக வந்து அதை மட்டும் தொட்டுவிட்டுப் போனது. லேசான பிளாஸ்டிக் தீய்ந்த வாசனை, அவ்வளவுதான்.

படங்கள் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். இன்று படம் 'திறக்கிறது'. அன்று அது 'இறங்கியது', திரைச்சீலை மாதிரி மேலிருந்து. ஜிஃப் வகைப் படங்களில் ஒரு தந்திரம் உண்டு. எட்டு வரிக்கு ஒரு வரியை மட்டும் முதலில் அனுப்பி, அடுத்தடுத்து மூன்று சுற்றுகளில் இடைவெளிகளை நிரப்புவார்கள். முதல் சுற்றில் வெறும் கட்டம் கட்டமாக நிறங்கள். இரண்டாவதில் இது முகம் என்று தெரியும். மூன்றாவதில் யார் முகம் என்று தெரியும். நான்காவதில் மீசை. இரண்டாம் சுற்றிலேயே இன்னார் என்று கண்டுபிடித்துவிட்டால் மீதிக்குக் காத்திருக்காமல் அடுத்த பக்கம் போய்விடலாம். அது காசு.

காசு என்றால் இப்படி. இணையத்துக்கு ஒரு கணக்கு, தொலைபேசிக்கு இன்னொரு கணக்கு. நூறு மணி நேரம் என்று ஒரு தொகுப்பை வாங்கிக்கொள்வோம். ஆனால் இணைந்திருக்கும் ஒவ்வொரு மூன்று நிமிடத்துக்கும் தொலைபேசியில் ஒரு கால் ஏறும். ஒரு மணி நேரத்துக்கு இருபது. அப்பா தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார். யார் யாருக்குப் பேசினாலும் அதில் எழுத வேண்டும். நான் 'இன்டர்நெட், 30 நிமிடம்' என்று எழுதுவேன். அது எழுபது நிமிடமாக இருந்திருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வரும்போது அப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நோட்டைக் கூட்டிப் பார்ப்பார். மீட்டருக்கும் நோட்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் நான்தான். அவருக்கு அது தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். கேட்டதில்லை.

அந்தக் கால மெதுவேகம் எங்களுக்குப் பொறுமை கற்றுக்கொடுத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். நாலு மெகாபைட் பாட்டு ஒன்று இறங்க இருபது நிமிடத்துக்குக் குறையாது. தொண்ணூறு சதவிகிதத்தில் லைன் அறுந்தால் வாயில் வரும் வார்த்தை பொறுமையின் வகையைச் சேர்ந்ததல்ல. மெதுவேகம் கற்றுத்தந்தது வேறொன்று, சிக்கனம். கடிதத்தை முழுக்க எழுதி, திருத்தி, பிழை பார்த்து வைத்துக்கொண்டு, இணைந்து, அனுப்பி, உடனே துண்டித்துவிடுவது. படிக்க வேண்டிய பக்கங்களை ஏழெட்டு ஜன்னல்களில் திறந்துவிட்டு, லைனை வெட்டிவிட்டு, சாவகாசமாகப் படிப்பது. அப்படிச் சேமித்துப் படித்ததில் பாதி குப்பை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மீதிப் பாதிக்குத் தமிழ் காரணம். அப்போது ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துரு. ஒன்றை இறக்கி நிறுவினால் அந்தத் தளம் தெரியும், அடுத்த தளம் கோணல்மாணலாக நிற்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி எழுத்துக் குறியீட்டுக்கும் விசைப்பலகைக்கும் தரம் வகுத்த பிறகும் கொஞ்ச காலம் இந்தக் கூத்து நடந்தது. ஆனால் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இருந்தது. உலகத்தின் பல மூலைகளில் இருந்தவர்கள் வேலை முடிந்த வேளையில் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இலவசமாக ஏற்றினார்கள். படம் கிடையாது, வெறும் எழுத்து. அன்றைய குறியீட்டில் திருக்குறள் மூலம் மொத்தமும் நூறு கிலோபைட்டுக்கு அக்கம்பக்கம்தான் வரும். என் கரகர லைனில்கூட அரை நிமிடம். அறம், பொருள், இன்பம் மூன்றும் ஒரு காலுக்குள் அடங்கிவிடும் என்று அப்பாவிடம் சொன்னேன். "அப்ப மீதிக் காலெல்லாம் எதுக்கு?" என்றார்.

சாமியாட்டத்தால் அம்மா தூக்கம் கெடுகிறது என்று ஒரு நாள் வீட்டில் பேச்சு வந்தது. மோடத்துக்கான கட்டளைகள் எல்லாம் 'ஏடி' என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். 1981-இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்மோடத்தோடு வந்த வழக்கம் அது. 'கவனி' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்து. 'ஏடிஎம்0' என்று அமைப்பில் எழுதிவிட்டால் ஸ்பீக்கர் மூச்சு விடாது. எழுதினேன். அன்று முதல் எங்கள் வீட்டில் மோடம் ஊமை. எல்லாருக்கும் நிம்மதி, எனக்குக் கூடுதலாக ஒரு சௌகரியம். நான் எப்போது இணைகிறேன், எவ்வளவு நேரம் இருக்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. கணினி முன்னால் பையன் ஏதோ டைப் அடிக்கிறான்.

அக்கா அந்த வருடம்தான் பிலாய்க்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தாள். அவர்கள் குவார்ட்டர்ஸில் தொலைபேசி இல்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, எஸ்.டி.டி. கட்டணம் குறைந்த பிறகு, தெருமுனை பூத்திலிருந்து கூப்பிடுவாள். அம்மா அன்றைக்குச் சீக்கிரம் சமையல் முடித்து, கூடத்தில் தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். மடியில் கறிவேப்பிலையோ பூவோ இருக்கும். கை ஆய்ந்துகொண்டிருக்கும்.

உள்ளறையில் நான். எஸ்.டி.டி. கட்டணம் குறையும் நேரமும் இணையத்தில் கூட்டம் குறைந்து வேகம் சற்றுக் கூடும் நேரமும் ஒன்றுதான்.

வேண்டுமென்று செய்யவில்லை. 'பத்தே நிமிடம், அவள் கூப்பிடுவதற்குள் வெட்டிவிடலாம்' என்றுதான் ஒவ்வொரு ஞாயிறும் உட்கார்ந்தேன். ஒரு பாட்டு எண்பது சதவிகிதத்தில் இருக்கும்போது எவன் வெட்டுவான்? கூடத்தில் தொலைபேசி அடிக்காமலே இருக்கும். பதினொன்றேகால் வாக்கில் அம்மா எழுந்து, "இன்னிக்கும் அவளுக்கு முடியலை போல" என்று விளக்கை அணைப்பாள். இரண்டாவது முறை அப்படிச் சொன்னபோது எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு நான் உட்காரவில்லை, அன்று சரியாக மணி அடித்தது. நாலாவது ஞாயிறு மறுபடி உட்கார்ந்தேன்.

பின்னாளில் அக்கா சொல்லித்தான் மறுமுனை எனக்குத் தெரிந்தது. பூத்தில் ஒரு பெஞ்சு. கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். ஒருமுறை அடித்துப் பார்த்து எங்கேஜ்டு என்றால் வெளியே வந்து அடுத்த ஆளுக்கு வழிவிட வேண்டும். மறுபடி வரிசை. பிலாய் டிசம்பரில் நல்ல குளிர். அத்திம்பேர் சால்வையை அவள் தோளில் போட்டுவிட்டு, "உங்க வீட்ல அப்படி யார்கிட்டதான் பேசுவாங்க இவ்வளவு நேரம்?" என்று கேட்பாராம். புதுப் பெண்டாட்டியின் பிறந்த வீட்டைப் பற்றி அந்த மனிதர் என்னவெல்லாம் நினைத்திருப்பாரோ. நாலைந்து முறை போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி நடப்பார்களாம். எங்கேஜ்டுக்குக் காசு இல்லை என்பது ஒன்றுதான் லாபம் என்றாள்.

என் நண்பர்கள் அனுப்பிய அந்தப் பதிவைக் கேட்கும்போதெல்லாம் இதுதான் உறுத்துகிறது. படம் வரி வரியாக இறங்கியதை, பாட்டுக்கு விழித்திருந்ததை, நாங்கள் காத்திருந்ததை மட்டும் எவ்வளவு வாஞ்சையோடு நினைவில் வைத்திருக்கிறோம். ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு செப்புக் கம்பி. அதில் ஒருவர் காத்திருக்கும்போது அந்த ஒருவருக்காக இன்னும் இரண்டு மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர்களுடைய காத்திருப்பில் பாட்டு எதுவும் இறங்கவில்லை. நோட்டில் கணக்குக் குறைத்து எழுதியது அப்பாவிடம் மட்டுமல்ல போலிருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் ஃபைபர். யாரும் யாருடைய லைனையும் மறிப்பதில்லை. அக்கா அனுப்பும் செய்தி அதே நொடியில் வந்து நிற்கிறது. அதற்குப் பதில் போட நான் இரண்டு நாள் எடுத்துக்கொள்கிறேன். அவளுக்கு அங்கே எங்கேஜ்டு டோனும் கேட்காது.

அந்த மோடம் சத்தத்தை அக்காவுக்கும் அனுப்பினேன். 'ஞாபகம் இருக்கா?' என்று மட்டும் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "என்னடா இது, மிக்ஸி ரிப்பேரா?"

அப்போதுதான் உறைத்தது. அவள் கல்யாணமாகிப் போன பிறகுதான் மோடம் வாங்கினேன். அவள் லீவுக்கு வந்தபோதெல்லாம் அது ஊமை. இந்தச் சத்தத்தை அக்கா ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அது என்ன சத்தம் என்று எழுதி அனுப்பினேன்.

அடுத்து ஒரு குரல் பதிவு வந்தது, ஆறு நொடி. அக்காதான், மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு: "டொய்ங்… டொய்ங்… டொய்ங்… டொய்ங்… எனக்கு இதுதாண்டா தெரியும்."